கொல்கத்தாவில் எங்கே தங்குவது? அக்காவின் முழங்கால் எடுத்த முடிவு

சில நாள் மட்டும் ஒரு ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறார்கள். தங்குமிடத்தைக் கடைசியில், வாடகையை மட்டும் பார்த்து எடுக்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகத்தான் வரும். எந்தத் தெருவில் அறை எடுக்கிறோமோ அந்தத் தெருவைத்தான் நாம் அதிகமாகப் பார்க்கப்போகிறோம். காலையில் பல் தேய்த்துவிட்டுக் கீழே இறங்கினால் கண்ணில் படுவது அதுதான். ராத்திரி கால் வலியோடு திரும்பி வருவதும் அதன் வழியாகத்தான். அந்தத் தெரு சரியில்லை என்றால் அரண்மனையையே பார்த்துவிட்டு வந்தாலும் மனசு ஒட்டாது.

ஜனவரியில் நானும் அக்காவும் கொல்கத்தா போனோம். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அக்கா கும்பகோணத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். முழங்கால் தேய்மானம் இருக்கிறது. படி ஏறிவிடுவாள், இறங்கத்தான் சிரமம். அதனால் அறை தேடும்போது எங்கள் நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. லிஃப்ட் வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், மெட்ரோ நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் சைவச் சாப்பாடு கிடைக்க வேண்டும். நீச்சல் குளம், இலவசக் காலைச் சிற்றுண்டி இதெல்லாம் பற்றிக் கவலையே படவில்லை.

கொல்கத்தாவின் வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர் அது. அந்த நீளத்துக்கு நடுவில் நீல வழித்தட மெட்ரோ ஓடுகிறது. இந்தியாவின் முதல் மெட்ரோ இதுதான். 1984-இல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை மூன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் தொடங்கியது. இன்று வடக்கே தட்சிணேஸ்வரம் வரை போகிறது. சுற்றிப் பார்க்கிற இடங்களில் முக்கால்வாசி இந்தத் தடத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான் இருக்கின்றன. 2025-இல் விமான நிலையத்துக்கும் மெட்ரோ வந்துவிட்டது. நோவாபாராவில் இறங்கி நீலத் தடத்துக்கு மாறினால் போதும். டாக்ஸிக்காரரோடு பேரம் பேசாமல் ஊருக்குள் போய்விடலாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

பாதி நாட்களை இந்திய அருங்காட்சியகத்தை ஒட்டிய சட்டர் தெருப் பக்கம், மீதியைத் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். "பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் மாறுவதா?" என்று என் மகன் போனில் கேட்டான். மாறுவதற்கு ஒரு அரை நாள் போகும், உண்மைதான். ஆனால் ஒரே ஊரில் ரெண்டு ஊர் பார்த்த மாதிரி இருந்தது, அதற்கு அந்த அரை நாளைக் கொடுக்கலாம்.

முதல் விடுதியின் பெயர் வேண்டாம். பழைய காலத்து வீடு, உயரமான கூரை, சிவப்புச் சிமெண்ட் தரை, பச்சை மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று போனில் கேட்டபோது இருக்கிறது என்றார்கள். இருந்தது. இழுத்து மூடுகிற இரும்புக் கதவு போட்ட அருமையான பழைய லிஃப்ட். ஆனால் தெருவிலிருந்து அந்த லிஃப்ட் வாசலுக்குப் போகவே ஏழெட்டுப் படி. கைப்பிடியும் இல்லை. அறையின் படத்தில் ஜன்னல் தெரிந்தது, அதுவும் நிஜம்தான். திறந்தால் கை எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சுவர் பார்க்கவா டிக்கெட் எடுத்த?" என்றாள். மேனேஜரிடம் சொன்னதும் மறுநாள் தெருப்பக்க அறை கொடுத்தார், முகம் சுளிக்காமல். கொல்கத்தாவின் பழைய கட்டடங்களில் அறை எடுக்கிறவர்கள் லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். வாசலிலிருந்து லிஃப்ட் வரை படி உண்டா, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

தெருப்பக்க அறைக்கு மாறியதும் காலைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. தெருவோரக் குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும், ஆட்கள் சோப்புப் போட்டுக் குளிப்பார்கள். அது ஆற்றுத் தண்ணீர், குடிக்க இல்லை. மண் கோப்பையில் டீ. கை ரிக்‌ஷாக்காரர்கள் மணியை வண்டியில் தட்டிக்கொண்டு நிற்பார்கள். மனுஷன் இழுக்கிற வண்டியில் ஏற மாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். நானும் ஏறவில்லை. நாம் ஏறாவிட்டால் அந்த மனிதருக்கு அன்றைக்கு ஒரு சவாரி குறைவு என்பதும் மனசில் இருந்தது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் தெருவில் 10-ஆம் எண் வீட்டில்தான் இளம் வயது தாகூர் சில காலம் இருந்தார். 1882-இல் ஒரு காலை சூரியோதயத்தைப் பார்த்து அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்று பிறந்தது இங்கேதான். இப்போது தெரு முழுக்கப் பயண ஏஜென்சிகளும் செருப்புக் கடைகளும்தான்.

இங்கே தங்குவதன் பெரிய லாபம் அருங்காட்சியகம். 1814-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழமையானது. கூட்டமெல்லாம் எகிப்திய மம்மி இருக்கிற அறையில்தான். நீங்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு பார்ஹுத் கூடத்துக்கு வந்துவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத்தில் இருந்த பௌத்த ஸ்தூபியின் செந்நிறக் கல்வேலி அங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1873-இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் கண்டெடுத்தார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்கிற ஜாதகக் கதைகள் வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. யானை, குரங்கு, மான் எல்லாம் உண்டு. பலவற்றின் கீழே அது எந்தக் கதை என்று பிராமி எழுத்தில் பெயரும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய படவிளக்கம்! அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலிக்காக உட்கார்ந்தவள், கதை சொல்லச் சொல்ல எழுந்திருக்கவே இல்லை.

அந்த எழுத்தை நாம் இன்று படிக்க முடிவதற்குக் காரணமானவர் ஜேம்ஸ் பிரின்செப். கல்கத்தா நாணயச் சாலையில் தங்கம் வெள்ளியின் தரம் பார்க்கிற அதிகாரி. 1837-இல் பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்தார், நாற்பது வயதிலேயே செத்துப்போனார். நம்முடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படிக்கிற வழிக்கும் அங்கிருந்துதான் தொடக்கம். அவர் நினைவாகத்தான் ஆற்றங்கரையில் பிரின்செப் படித்துறை இருக்கிறது. வெள்ளைத் தூண்களோடு ஒரு மண்டபம், பின்னால் வித்யாசாகர் சேது பாலம். சாயங்காலம் அங்கே போனோம். காதல் ஜோடிகள், படகுக்காரர்கள், ஐஸ்கிரீம் வண்டி. மண்டபத்துக்குப் பெயர் கொடுத்தவர் யார் என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை. காலையில் பார்ஹுத், மாலையில் பிரின்செப் என்று ஒரே நாளில் வைத்துக்கொண்டால் அந்த நாளுக்கு ஒரு அர்த்தம் வருகிறது.

விக்டோரியா நினைவிடம் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1921-இல் திறக்கப்பட்டது, மக்ரானாப் பளிங்கு, தாஜ்மகாலுக்குப் போன அதே சுரங்க ஊர்க் கல். எனக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருக்கிற தோட்டம்தான் பிடித்தது. காலையிலேயே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துவிடலாம். பார்க் தெருப் பக்கத்து 1767-ஆம் வருஷத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் மட்டும் போனேன். வீடு உயரத்துக்கு வளர்ந்த பாசி பிடித்த பிரமிடுகள், தூபிகள், நடுவில் பெரிய மரங்கள். ஆசியக் கழகத்தை 1784-இல் நிறுவிய வில்லியம் ஜோன்ஸின் சமாதியும் அதில் ஒன்று. கொசு அதிகம், முழுக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: அருங்காட்சியகம், விக்டோரியாவின் காட்சிக்கூடங்கள், தாகூரின் ஜொராசாங்கோ வீடு எல்லாவற்றுக்கும் திங்கள்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறோடு திங்களையும் சேர்த்துப் போகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். திங்களைக் கோயிலுக்கும் ஆற்றுக்கும் ஒதுக்குங்கள்.

ஆற்றுக்கு அடியில் ஓடுகிற மெட்ரோவுக்கு அக்கா வந்ததே எனக்காகத்தான். எஸ்பிளனேடிலிருந்து அக்கரையில் இருக்கிற ஹாவ்ரா போகிற பச்சைத் தடம் 2024 மார்ச்சில் திறந்தது. ஆற்றுக்கு அடியில் ஏறக்குறைய 520 மீட்டர், முக்கால் நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. ஆறு வந்துவிட்டது என்று தெரிய அந்த இடத்தில் மட்டும் சுரங்கத்தின் சுவரில் நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் போனை ஜன்னலில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு எங்கடி? வெறும் லைட்டுதானே தெரியுது" என்றாள். ஹாவ்ரா நிலையம் தரைக்குக் கீழே முப்பது மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. நகரும் படிகள் ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று மேலே ஏற்றிக்கொண்டே போகின்றன. முழங்கால்காரர்களுக்கு லிஃப்டும் உண்டு, தேடிப் பிடியுங்கள்.

போகும்போது மெட்ரோ, வரும்போது படகு. இது என் கட்டளை. ஹாவ்ரா நிலையத்தின் எதிரிலேயே படகுத்துறை. கட்டணம் மிகக் குறைவு. ஹூக்ளி கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஆட்படுகிற ஆறு. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் துறைமேடைக்குப் போகும் பாலம் சமமாக இருக்கும், வற்றியிருக்கும் நேரத்தில் சறுக்கு மரமாகச் சரிந்துவிடும். நாங்கள் போன நேரம் சரிவுதான். பின்னால் வந்த காலேஜ் பையன் ஒருவன் கேட்காமலேயே அக்காவின் கையைப் பிடித்து "ஆஸ்தே, மாஷிமா, ஆஸ்தே" (மெதுவா, அம்மா, மெதுவா) என்று இறக்கிவிட்டான்.

படகிலிருந்து பார்த்தால்தான் ஹாவ்ரா பாலம் பாலமாகத் தெரிகிறது. அதன் மேல் நடந்தால் லாரியும் பஸ்ஸும் தலைச்சுமைக்காரர்களும்தான் தெரிகிறார்கள். 1943 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறந்தது, போர்க்காலம் என்பதால் விழா எதுவும் இல்லாமல். 26,500 டன் எஃகு, அதில் 23,000 டன் டாடா ஆலையில் வார்த்தது. நட்டு போல்ட்டு கிடையாது, முழுக்கத் தறையாணிதான் (ரிவெட்). ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. இத்தனை பெரிய இரும்புக்கு வந்த எதிரி எது தெரியுமா? வெற்றிலை எச்சில். நடந்து போகிறவர்கள் துப்பித் துப்பித் தொங்குசட்டங்களின் அடிப்பாகம் அரிக்கத் தொடங்கியதால் கண்ணாடி இழைக் கவசம் போட்டு மூடியிருக்கிறார்கள்.

பாலத்தின் கிழக்கு முனைக்குக் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. அக்கா அந்தப் பயணம் முழுவதிலும் ஆர்வமாகக் கேள்வி கேட்ட இடம் இதுதான். செவ்வந்தி மாலைகளைப் பாம்பு போலச் சுருட்டிக் கூடைகளில் அடுக்கியிருக்கிறார்கள், தோளில் போட்டுச் சுமக்கிறார்கள். ஒரு மாலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஊசியில கோத்திருக்கான். கட்டினதே இல்ல. நார் வேண்டாம், விரல் வேண்டாம், சட்டுனு முடிஞ்சிடும்" என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு ஒரு பெண்ணிடம் கொஞ்சம் உதிரிப் பூவும் நூலும் வாங்கி, நின்ற இடத்திலேயே நாலு கண்ணி கட்டிக் காட்டினாள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தரை முழுக்கச் சேறும் அழுகிய இதழும், வழுக்கும். செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு போங்கள். விடிகாலைதான் நேரம்.

அப்புறம் லேக் மார்க்கெட். காளிகாட் மெட்ரோவில் இறங்கி ராஸ்பிகாரி அவென்யூ வழியாகக் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். கணக்கு எழுதவும் தட்டச்சு அடிக்கவும் அந்தக் காலத்தில் இங்கே வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய பகுதி. சந்தைப் பக்கம் வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காபித் தூள் எல்லாம் கிடைக்கும். இட்லிக் கடை உண்டு. முதல் நாள் காலை அக்கா டிகிரி காபி குடித்துவிட்டு, "இங்கேயே முதல்ல வந்திருக்கலாம்" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேராக இங்கே வந்திருந்தால் நாங்கள் கொல்கத்தாவில் இருந்திருக்க மாட்டோம், இன்னொரு மாம்பலத்தில் இருந்திருப்போம். சில நாள் தடுமாறிவிட்டு வந்ததால்தான் அந்தக் காபி அப்படி ருசித்தது.

இங்கே தங்கியது ஒரு அடுக்குமாடி வீட்டின் கெஸ்ட் ஹவுஸ். வீட்டுக்காரம்மா மேல் மாடியில், நாங்கள் கீழ் மாடியில். சத்தமில்லாத சந்து. காலையில் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்தோம். 1920-களில் வெட்டிய செயற்கை ஏரி, துடுப்புப் படகுக் கிளப்புகள் இருக்கின்றன. பெஞ்சுகள் நிறைய. அக்காவுக்கு வேறென்ன வேண்டும்? தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி: பக்கத்தில் கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷனின் கலாச்சார நிலையத்தில் விருந்தினர் விடுதி உண்டு. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வங்காளச் சமையலில் பருப்பிலேயே மீன் தலை போடுகிற வழக்கம் உண்டு. பருப்புதானே என்று அசட்டையாக ஊற்றிக்கொள்ளாதீர்கள். "நிராமிஷ்" என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. காலையில் உருளைக்கிழங்குக் குழம்போடு கிடைக்கிற கச்சூரி, மண் சட்டியில் உறைய வைத்த இனிப்புத் தயிர் இரண்டும் எங்களுக்குத் தினமும் வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் போனால் நொலேன் குர் என்கிற புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்கிற பால் இனிப்பு கிடைக்கும். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம். பனி விலகினால் சீசன் முடிந்தது. ரசகுல்லாவை நாங்கள் ரெண்டாம் இடத்தில்தான் வைத்தோம்.

திங்கட்கிழமை வடக்கே போனோம். தட்சிணேஸ்வரம் மெட்ரோவிலிருந்து கோயில் வரை உயர்நடைபாதை, வெயிலும் இல்லை, வண்டிகளும் இல்லை. ராணி ராஷ்மோனி கட்டி 1855-இல் குடமுழுக்கான காளி கோயில், ஒன்பது கோபுரங்கள், ஆற்றங்கரையில் வரிசையாகப் பன்னிரண்டு சிவன் கோயில்கள். செருப்பையும் போனையும் வெளியே கொடுத்துவிட வேண்டும். அங்கிருந்து ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்குப் படகு. மடம் நண்பகலில் மூடி, மாலைப் பக்கம்தான் திறப்பார்கள், நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். 1938-இல் திறந்த பேலூர்க் கோயிலை ஒரு பக்கமிருந்து பார்த்தால் கோயில், இன்னொரு பக்கமிருந்து தேவாலயம், மாடத்தைப் பார்த்தால் மசூதிச் சாயல்.

திரும்பும் வழியில் சோவாபஜாரில் இறங்கி, சாமி சிலைகளை மண்ணில் செய்கிறவர்களின் பகுதியான குமோர்துலி போனோம். சரஸ்வதி பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. குறுகலான சந்துகள் முழுக்கச் சரஸ்வதிகள். வைக்கோலைக் கட்டிக் கட்டி உடம்பு, அதன் மேல் ஆற்று மண், அதற்கு மேல் வெள்ளைப் பூச்சு. சிலவற்றுக்குத் தலை இன்னும் வைக்கவில்லை, கழுத்தில் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு திண்ணையில் விரல்கள் மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. பலகை நிறைய, நூற்றுக்கணக்கில். வேலை நடக்கிற இடம், வழியை மறித்துப் படம் எடுக்காதீர்கள். துர்கா பூஜைக்கு 2021-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு கூட்டம் அதிகம் என்று ஒரு டீக்கடைக்காரர் சலித்துக்கொண்டார். கூட்டத்துக்கு டீ விற்கிறவரும் அவர்தான்.

டிராமை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1873-இல் குதிரை இழுத்துத் தொடங்கிய வண்டி, இன்று ஒன்றிரண்டு தடங்களில் மிச்சம். எஸ்பிளனேடில் கண்ணில் பட்டால் ஏறிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடைசி நாள் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பகலில் அறையைக் காலி செய்துவிட்டு ராத்திரி ரயில் என்றால் பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஹாவ்ரா நிலையத்தின் பொருள் காப்பறையில் வைப்பதென்றால் பெட்டிக்குப் பூட்டு இருந்தே ஆக வேண்டும். உறுதியான டிக்கெட் கையில் இருந்தால் நிலையத்தின் ஓய்வறையைப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், இடம் காலியிருந்தால். சென்னை மெயில் ஹாவ்ராவிலிருந்தே கிளம்புகிறது, மெட்ரோவில் போய் இறங்கிவிடலாம். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அப்படியில்லை. அது இப்போது ஷாலிமாரிலிருந்து புறப்படுகிறது. அங்கே மெட்ரோ கிடையாது, கார் பிடித்துப் பாலம் தாண்டித்தான் போக வேண்டும், நெரிசலில் நேரம் ஓடிவிடும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று ரெண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.